ஓட்டை வெட்டக் கேட்ட கதை

எங்கள் வீட்டில் மூச்சுவிட வழி கிடைத்தது கம்ப்யூட்டருக்குத்தான், அம்மாவுக்கு இல்லை. இதைச் சொன்னால் அண்ணன், "இன்னும் அதையே புடிச்சிக்கிட்டு இருக்கியா?" என்பான். ஆமாம், பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். விட்டுவிட எனக்கு மனமில்லை.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்கள் வீடு. வீடு என்றால் முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, நடுவில் ஓர் அறை, பின்னால் சரிவாக இறக்கிய குசினி. பழைய கூரையில் அடுப்புக்கு நேர் மேலே புகைக்கூண்டு ஒன்று இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்தில் கூரைத் தகரம் மாற்றினார்கள். வந்தவர்கள் புகைக்கூண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்துத் தகரத்தால் மூடிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புகைக்குப் போக்கிடம் கிடையாது. குசினியில் கிளம்பும், அறைக்குள் வரும், இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பவர் மேல் படியும், பிறகு எங்களோடேயே குடியிருக்கும். பள்ளிக்கூடத்தில் எங்கள் சட்டையை மோந்து பார்த்தே லயத்துப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். லயத்துப் பெண்கள் அழுதால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. புகை என்று நினைத்துக்கொள்வார்கள். அழுகிறவர்களுக்கும் அது வசதியாக இருந்தது.

அம்மாவுக்கு இழுப்பு. மலையில் கொழுந்து பறிக்கும்போது காற்று இருக்கும், சமாளித்துவிடுவாள். வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டியதும் நெஞ்சுக்குள் விசில் கேட்க ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் விறகு ஈரம். ஊதுகுழலை வாயில் வைத்து ஊதுவாள், இருமுவாள், மறுபடியும் ஊதுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நானும் அண்ணனும் படித்தோம்.

அப்பா தேயிலைச் செடிகளை மட்டமாகக் கவ்வாத்து வெட்டுகிறவர். அதோடு தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். எல்லோருக்காகவும் ஆபீசில் போய்க் கேட்பது அவர் வேலை. எங்கள் ஆபீசுக்குள் தொழிலாளிகள் போகமாட்டார்கள். பக்கச் சுவரில் தலை மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு ஜன்னல் உண்டு, அதற்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த ஜன்னலில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தார். கோழிக்கூடு வைக்கக் கேட்டார். இஸ்தோப்பில் சாரல் அடிக்காமல் பலகை வைக்கக் கேட்டார். எதற்கெடுத்தாலும் "கேட்டுட்டுச் செய்யணும்" என்பார். கேட்டதில் கிடைத்தது கொஞ்சம்தான். ஆனாலும் கேட்டுச் செய்கிற மனுஷன் என்று ஆபீசில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் அவருக்கு அவ்வளவு பெருமை.

லயத்துக்குக் கரண்ட் வந்து சில வருடம் கழித்து அந்தக் கம்ப்யூட்டர் வந்தது. அண்ணன் அப்போது பதுளையில் ஒரு ரிப்பேர் கடையில் வேலை செய்தான். ஆட்கள் வேண்டாம் என்று விட்டுப்போன மெஷின்களிலிருந்து ஒவ்வொரு சாமானாகச் சேர்த்து ஒன்றை உருவாக்கி, சாக்கில் கட்டி, பசறை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தான். நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலம். கொழுந்துக்குப் போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அண்ணன் தமிழ் டைப்பிங் காட்டிக் கொடுத்தான். பசறையில் இருந்த ஓர் அச்சகத்தார் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாம் எழுதிக் கொடுத்தனுப்புவார்கள். நான் அடித்து ஃபிளாப்பியில் போட்டுக் கொடுப்பேன். லயத்தில் எனக்கு அப்படி ஒரு மரியாதை. என்னைப் பார்த்தால் பெரியவர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அம்மா அந்த மெஷினை இன்னொரு பிள்ளையாகவே எடுத்துக்கொண்டாள். பழைய சேலையைக் கிழித்து அதற்கு உறை தைத்தாள். மலைக் குளிர் தாங்காது என்று மெஷின் ஓடும்போதும் உறையைக் கழற்றவிடமாட்டாள். சரஸ்வதி பூசைக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சாம்பிராணிச் சட்டியை அதன் பக்கத்தில் பிடித்தாள். உள்ளே இருந்த குட்டி ஃபேன் புகையை இழுத்துக்கொண்டது. "சாமி பொகைய அதுவே இழுத்துக்குது பாரேன்!" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சாம்பிராணி கிடைத்தது.

மெஷின் எத்தனை நாள் தாங்கும்? காலையில் ஒழுங்காக ஓடும். அம்மா வேலைவிட்டு வந்து அடுப்பு மூட்டிய பிறகு, நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துபோகும். மணமகள் பெயரோடு நின்றுபோன பத்திரிகைகள் எத்தனை! அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியைத் திறந்தான். உள்ளே தோசைக்கல்லின் அடிபோலக் கறுப்பு. ஃபேனின் இலைகளில் கரியும் சாம்பிராணிப் பிசினும் கலந்து அப்பியிருந்தது.

"என்னம்மா இது? அடுப்புக்குள்ளயா வச்சிருந்தீங்க?"

"குளுருமேன்னு போத்தி வச்சேன்ப்பா."

"அதுக்குச் சூடுதான்மா ஆகாது. உள்ள காத்து போயி வரணும். மூச்சு முட்டித்தான் நின்னு போவுது."

"அடப்பாவமே," என்றாள் அம்மா. மூச்சு முட்டுவது என்னவென்று அவளுக்குத்தானே தெரியும்.

அடுத்த ஞாயிறு அண்ணன் செத்த மெஷின்களிலிருந்து கழற்றிய இரண்டு ஃபேன்களோடும், கையால் சுற்றுகிற ட்ரில்லோடும், தகரம் வெட்டுகிற கத்தரியோடும் வந்தான். வாசலில் சாக்கை விரித்தோம். பக்கத்து வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "தோட்டமே குளுருல நடுங்குது, தலவரு வீட்ல மட்டும் ஃபேன் போடுறாங்கப்பா!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அன்றைக்கு எங்களுக்குச் சிரிக்க முடிந்தது.

முதலில் பெட்டிக்குள் இருந்த அத்தனையையும் கழற்றி வெளியே எடுத்தான். இரும்புத் தூள் கொஞ்சம் போர்டில் விழுந்தாலும் கதை முடிந்தது என்றான். தகரத்தில் பிளாஸ்டர் ஒட்டி, என் பழைய கவராயத்தால் வட்டம் கீறினோம். கோட்டுக்கு உட்பக்கமாக ஆணியால் குத்திக் குத்தி அடையாளம் வைத்து, அதன்மேல் ட்ரில்லை வைத்து அவன் அழுத்த நான் சுற்றினேன். சின்னச் சின்ன ஓட்டைகள் வட்டமாகச் சேர்ந்ததும் கத்தரியை நுழைத்து ஒன்றோடொன்று வெட்டிச் சேர்த்தான். தகரம் கிரீச்சிட்டது. பல் கூசியது. கடைசியில் வந்தது வட்டமில்லை, கோழி முட்டை.

அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "குடுடா இங்க," என்று உட்கார்ந்தார். இரண்டு முழங்காலுக்கும் இடையில் தகரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டாவது ஓட்டையை அவரே வெட்டினார். காலமெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. கோடு ஓர் இழைகூடத் தப்பவில்லை. பிறகு கத்தி தீட்டுகிற அரத்தை எடுத்துவந்து, விரலை அறுக்காதபடி இரண்டு ஓட்டைகளின் விளிம்பையும் ராவிக் கொடுத்தார். விழுந்த வட்டத் தகரத்தை அம்மா எடுத்துக்கொண்டு போய் உப்புச் சட்டிக்கு மூடியாக வைத்தாள்.

ஃபேன்களைப் பூட்டிக் கரண்ட் கொடுத்தபோது அண்ணனின் கெட்டித்தனம் வெளியே வந்தது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஊதுபத்தி கொளுத்திப் பிடித்தால், இரண்டு ஓட்டையும் புகையை உள்ளே இழுக்கின்றன. ஃபிளாப்பி போடுகிற வாயால் புகை வருகிறது. "கம்ப்யூட்டரு பீடி குடிக்குதுடோய்!" என்று அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் முறைத்துக்கொண்டே மேலே இருந்த ஃபேனைக் கழற்றித் திருப்பிப் பூட்டினான். இப்போது கீழே பிடித்த ஊதுபத்தியின் புகை நூல் பிடித்ததுபோல உள்ளே போய், மேல் ஓட்டை வழியாக வெளியே வந்தது.

அம்மா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை மேல் ஓட்டைக்கு நேரே காட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அதுக்கு வழி பண்ணிட்டீங்க. எனக்கும் அடுப்புக்கு மேல ஒண்ணு வெட்டிக் குடுங்களேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நாங்களும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து குசினிக்குள் போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வந்தான்.

"இப்பவே வெட்டிருவோம்ப்பா. கத்தரி கையில இருக்கு. ஒரு தகரத்துல ஓட்டை போட்டு, மழை எறங்காம மேல ஒரு துண்டு வளைச்சி வச்சா முடிஞ்சிச்சி."

வெயில் நன்றாக இருந்த பகல். கத்தரி அப்பாவின் கையில்தான் இருந்தது. அவர் அதைக் கீழே வைத்தார்.

"அது தோட்டத்துக் கூர. கேட்டுட்டுச் செய்வோம்."

"கடைசி வீட்டுல கேட்டுட்டா செஞ்சாங்க?" என்று அண்ணன் கேட்டான். எங்கள் லயத்துக் கடைசி வீட்டில் தகரத்தின் ஒரு முனையை நெம்பித் தூக்கிக் கல்லை வைத்திருந்தார்கள். வருடக்கணக்காக அப்படியே இருந்தது. யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

"அவன் செய்வான். நான் தலவரு. நானே கேக்காம வெட்டுனா, நாளைக்கு ஜன்னல்ல போயி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசுறது?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கே வந்துவிட்டாள். "சரி விடுப்பா. கேட்டுட்டே செய்யட்டும். இத்தன வருசம் இருந்துட்டேன், இன்னும் நாலு நாளு இருக்கமாட்டேனா?"

அம்மாவின் அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அன்றைக்கு அவள் ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டும். போடமாட்டாள். போட்டாலும் மூச்சு போதாது.

அப்பா ஜன்னலுக்குப் போனார். அங்கே போய் அவர் செய்ததுதான் பெரிய புத்திசாலித்தனம். பெண்சாதிக்கு இழுப்பு, புகை ஆகாது என்று சொன்னால், டிஸ்பென்சரியில் மருந்து வாங்கு என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ பேருக்காகக் கேட்டு அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வந்தவர். அதனால் அம்மாவைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைச் சொன்னார். "வீட்ல கம்ப்யூட்டரு வச்சிருக்கோம்ங்க ஐயா. பொகையில கெட்டுப் போவுது. கூரையில ஒரு ஓட்ட போட உத்தரவு வேணும்." கிளாக்கர் நிமிர்ந்து பார்த்தாராம். லயத்தில் கம்ப்யூட்டரா என்று உள்ளே இருந்த மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்களாம். அப்பா வீட்டுக்கு வந்து அதை எங்களுக்கு நடித்தே காட்டினார். இந்த முறை கேட்டது கிடைத்துவிடும் என்று முகத்தில் எழுதியிருந்தது.

தோட்டத்து மேனேஜர், எங்கள் துரையே வந்தார். எங்கள் இஸ்தோப்பில் துரையின் சப்பாத்துக் கால் பட்டது அதுதான் முதல் தடவை. மலையில் வேலை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை குடையோடு பின்னால் நின்றார். அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள், துரை இருக்கும்போது இருமிவிடக் கூடாது என்று. துரை பெட்டியின் ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார். யார் வெட்டியது என்று கேட்டார். அப்பா கூச்சத்தோடு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நல்ல வேலை," என்றார் துரை. பிறகு யோசித்துவிட்டு, கொழுந்துக்குப் போகிற தாய்மாரின் கைக்குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, ஜன்னல் இருக்கிறது, கம்ப்யூட்டரை அங்கே கொண்டுபோய் வைக்கலாம், நான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்றார். கரண்ட் தோட்டத்துச் செலவு. அப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அண்ணன்தான் கேட்டான். "கூர விசயங்க தொர?"

துரைக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை.

"கம்ப்யூட்டர் அங்க போகுதுதானே? அப்புறம் எதுக்கு ஓட்டை?"

கதவுக்குப் பின்னால் அம்மா இருமிவிட்டாள். துரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்று வெட்டினால் எல்லா வீட்டிலும் கேட்பார்கள் என்றார். கணக்கப்பிள்ளை தலையை ஆட்டினார். அப்பாவும் ஆட்டினார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அப்பாவும் தலையை ஆட்டினார்.

கேட்காமல் இருந்திருந்தால் வெட்டியிருக்கலாம். கேட்டு, இல்லை என்ற பிறகு வெட்ட முடியாது. இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் இருக்கிற வியாதி. கணக்கப்பிள்ளை லயத்துப் பக்கம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக் கூரையை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். கடைசி வீட்டுத் தகரம் கல்லின் மேல் ஆனந்தமாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

மெஷின் புது அறைக்குப் போனது. இரண்டு பக்கமும் ஜன்னல். அம்மா ஒரு நாள் பார்க்க வந்தாள். வாசற்படியிலேயே நின்றவளை நான் கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். "நல்லா காத்து வருது," என்றாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் விசில் சத்தம் இல்லை. பிறகு, "அடுப்பு பத்த வைக்கணும்," என்று எழுந்து போய்விட்டாள். தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வந்தபோது துரை அவர்களையும் அந்த அறைக்குக் கூட்டிவந்து காட்டினார். அவர்கள் முட்டை ஓட்டையையும் வட்ட ஓட்டையையும் படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் குசினியைப் படம் எடுக்க யாரும் வரவில்லை.

அதற்கு அடுத்த மழைக்காலம் அம்மாவால் மலை ஏற முடியவில்லை. வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டிவிட்டார்கள். அப்புறம் நாள் முழுக்க வீடுதான், அடுப்புதான், புகைதான். கடைசியில் ஒரு நாள் உதடு நீலம் பூத்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வார்டில் இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"அம்மா சுருட்டு, பீடி ஏதும் பத்துறவவோ?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. இல்லை என்று நான் சொன்னேன்.

"அப்ப வீட்டில விறகடுப்போ? புகை போறதுக்கு வழி வச்சிருக்கிறியளோ?"

அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "கேட்டிருக்கோம்ங்க ஐயா," என்றார்.

டாக்டர் ஒன்றும் புரியாமல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் அவருக்கு என்னவென்று விளக்குவது?

அம்மா வீட்டுக்கு உயிரோடு வரவில்லை. மரண அறிவித்தலை நான்தான் அடித்தேன். வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு, எத்தனையோ பேருக்கு அடித்த அதே வாசகங்களை அம்மாவுக்கும் அடித்தேன். அழுதுகொண்டே அடித்ததில் பிழை பிழையாக வந்தது. மறுபடி மறுபடி அழித்து அடித்தேன். மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கீழ் ஃபேன் உள்ளே இழுத்தது, மேல் ஃபேன் வெளியே தள்ளியது. அவ்வளவு நன்றாக மூச்சுவிட்டது.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன மறுநாள் நான் கடைக்குப் போய்விட்டு வந்தேன். வரும்போதே எங்கள் கூரையில் தகரம் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. அப்பா குசினிக் கூரையில் குந்தியிருந்தார். அண்ணன் விட்டுப்போன கத்தரி கையில் இருந்தது. கீழே பாதையில் கணக்கப்பிள்ளை நின்று அண்ணாந்து பார்த்தார். அப்பா அவரைப் பார்த்தார், வணக்கம் சொல்லவில்லை, வெட்டிக்கொண்டே இருந்தார். கணக்கப்பிள்ளை குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவர் பாட்டில் நடந்து போய்விட்டார். அவ்வளவுதான். அவ்வளவேதான் நடந்தது.

நான் உள்ளே போனேன். வெட்டிய தகரம் ஆறிப்போன அடுப்பின்மேல் விழுந்து கிடந்தது. நல்ல வட்டம். ஓட்டை வழியாக அப்பாவின் முகம் தெரிந்தது.

"ஆபீஸ்ல கேட்டீங்களாப்பா?"

வேண்டுமென்றேதான் கேட்டேன். அவருக்கு வலிக்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

"இனி யாரக் கேக்குறது?" என்றார்.

நான் தகரத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுப்பை மூட்டித் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன். ஈர விறகுதான். புகை நேராக எழும்பி, ஓட்டை வழியாக வெளியே போனது. புகைக்கூண்டைப் பிடுங்கிய பிறகு அந்தக் குசினியில் முதல் தடவையாக எனக்குக் கண் எரியவில்லை. அழுகை வந்தபோது புகை என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.